அளந்த வீடும் அளக்காத இரவும்: இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காக ஒரு வீட்டைத் தயார்செய்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 68 வயதுப் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அறுவைக்கு நான்கு வாரம் முன்பு தொடங்கி, அது முடிந்து பன்னிரண்டு வாரம் வரை பிசியோதெரபிஸ்டாக அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளையும் நடந்த வரிசையையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அறுவை நன்றாகவே முடிந்தது. இந்த அறுவை பெரும்பாலும் நன்றாகத்தான் முடிகிறது, அதற்காக மட்டும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. வீட்டை அங்குலம் அங்குலமாகத் தயார்செய்தும் இரண்டு இடத்தில் கோட்டைவிட்டோம். ஒன்று அறுவைக்கு முன்பே பிடிபட்டது. மற்றது வீடு திரும்பிய ஐந்தாம் நாள் காலையில்தான் தெரிந்தது.

நோயாளியும் வீடும்

இடுப்பு வலி என்று சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகுக்குக் கீழே கைவைத்துக் காட்டுவார்கள். நம் பேச்சில் இடுப்பு என்பது அவ்வளவு பரந்த இடம். தேய்ந்த மூட்டின் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தொடங்கி, தொடையின் முன்புறமாக முழங்கால் வரை இறங்கும். இவருக்கும் அப்படித்தான். கால் நகம் வெட்ட முடியவில்லை, செருப்பு வாரைக் குனிந்து போட முடியவில்லை, தெருமுனை வரை நடந்தால் ஒருமுறை நின்றாக வேண்டும். எக்ஸ்ரேயில் வலது மூட்டில் இடைவெளியே இல்லை, எலும்போடு எலும்பு. இடதிலும் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. ஆனால் அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை.

மாடி வீடு. படுக்கையறை மேலே, பதினைந்து படி. கீழே ஹால், சமையலறை, ஒரு பாத்ரூம். வீட்டில் அவரும் 73 வயதுக் கணவரும் மட்டும். கணவருக்குத் தூக்கம் குறைவு, முதுகுவலியும் உண்டு. மகள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வருவதாக ஏற்பாடு. முதல் இரண்டு வாரமாவது கூடவே ஒரு ஆள் இருப்பது நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன். அதைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு சிறு இடைச்செருகல். இன்று நாம் காணும் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வழிவகுத்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. சிறிய உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் வைத்து அவர் 1962இல் செய்த அறுவைதான் அடித்தளம். அந்தக் காலத்து நோயாளிகள் நீண்ட நாள் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தார்கள். இப்போது அறுவையான அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறோம், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறோம். முன்பு வார்டில் செவிலியர் பார்த்த வேலையெல்லாம் இப்போது ஹாலில் மகளும் கணவரும் பார்க்கிறார்கள். வார்டுக்கு அகலமான கதவு இருந்தது, உயரமான கட்டில் இருந்தது, தலைமாட்டில் அழைப்பு மணி இருந்தது. வீட்டில் இதெல்லாம் நாமாகச் செய்துகொண்டால்தான் உண்டு.

முதல் வருகை: அளவுநாடா

இவருக்குப் பின்புற வழியாக அறுவை செய்வதாக மருத்துவர் முடிவு செய்திருந்தார். அந்த வழியில் மூட்டின் பின்பக்கத்து உறையையும் சில சிறு தசைகளையும் வெட்டித் திறந்து, பிறகு தைப்பார்கள். அது ஆறும்வரை பந்து பின்புறமாக நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் மூன்று கட்டுப்பாடு: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, அறுவையான கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது, பாதம் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது ஆபத்து மிக அதிகம். முன்புற வழியில் செய்தால் விதிகள் வேறு, சில மருத்துவர்கள் கட்டுப்பாடே சொல்வதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி உட்கார்ந்தார் என்பது உங்களுக்குப் பயன்படாது. உங்கள் மருத்துவர் எந்த வழியில் செய்தார், என்ன சொன்னார் என்பதே கணக்கு.

90 டிகிரி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் புரியாது. நாற்காலி உயரமாகச் சொன்னால் புரியும். செருப்புப் போட்டு நிற்கவைத்து, முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரை வரை அளந்தேன். இவருக்கு 40 செ.மீ. அதோடு 5 செ.மீ. சேர்த்தால் 45. இனி உட்காரும் எந்த இடமும் 45க்குக் குறையக் கூடாது, உட்கார்ந்த நிலையில் முழங்காலைவிட இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அதே சமயம் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும்.

ஹாலில் இருந்த சோபா 42 செ.மீ. பரவாயில்லை, மேலே ஒரு திண்டு போட்டுக்கொள்ளலாமே என்றார் கணவர். உட்காரச் சொல்லி மறுபடி அளந்தேன், 33. சோபாவை அளக்கிறவர்கள் காலி சோபாவை அளக்கிறார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. ஆள் உட்கார்ந்த பிறகு எவ்வளவு என்பதுதான் கேள்வி. திண்டு போட்டால் அதுவும் அமுங்கும், போதாக்குறைக்கு வழுக்கும். சாய்ந்து எழும்போது உடல் முன்னால் குனிவதால் இடுப்பு இன்னும் மடங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சோபாவை மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையோடு வந்த நாற்காலிகளில் ஒன்றுக்குக் கைப்பிடி இருந்தது, கெட்டியான இருக்கை, சரியாக 46. அதுதான் இனி அவருடைய நாற்காலி. சக்கரம் வைத்ததும் ஆடுவதும் கூடவே கூடாது.

கட்டிலைக் கீழே ஹாலுக்கு இறக்க முடிவாயிற்று. படி ஏறுவது முடியாத காரியமில்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவையான கால் முதலில் என்று மருத்துவமனையிலேயே பழக்கிவிடுவோம். ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் பதினைந்து படி என்பது வேறு கதை. கட்டில் உயரம் 47 இருந்தது, ஓரத்தில் உட்கார்ந்தால் 42 ஆனது. கால்களுக்கு அடியில் 5 செ.மீ. மரக்கட்டை, குழி வெட்டியது, நழுவாதபடி. மேலே அந்தக் கட்டிலின் வலது பக்கம் எப்போதும் சுவரை ஒட்டியே இருந்ததாம். வலது கால் அறுவை என்றால் வலது பக்கமாக இறங்குவது எளிது, கால் வெளிப்பக்கமாகவே நகரும், நடுக்கோட்டைத் தாண்டாது. அதனால் ஹாலில் இடது பக்கம் சுவரோரமாக வரும்படி போடச் சொன்னேன்.

அப்புறம் தலைமாட்டு மேசை. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைமாட்டு மேசை வலப்புறம், கொஞ்சம் பின்னால் இருக்கும். மாத்திரை எடுக்கத் திரும்பினால் பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் வலப்புறம் சுழலும். பாதம் அசையவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மூட்டைப் பொறுத்தவரை அது பாதத்தை உள்பக்கம் திருப்பியதற்குச் சமம். மேசையைத் திரும்பாமலே கை எட்டும் இடத்துக்கு முன்னால் நகர்த்தினோம். அதன்மேல் தண்ணீர் பிளாஸ்க், மாத்திரைப் பெட்டி, கண்ணாடி, செல்போன், கூப்பிட ஒரு சின்னப் பித்தளை மணி.

டாய்லெட் இருக்கை 37 செ.மீ. மேலே பொருத்தும் 10 செ.மீ. உயர்த்தி வாங்கினார்கள். இவர்கள் வீட்டில் உட்காரும் வகை இருந்ததால் பிழைத்தோம். குந்தி உட்காரும் வகை மட்டும் உள்ள வீடென்றால் அறுவைத் தேதி குறிப்பதற்கு முன்பே அதற்கு ஒரு வழி பார்த்துவிட வேண்டும். குளிக்க, கைப்பிடியும் ரப்பர் பாதமும் உள்ள நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், நீளப் பிடி வைத்த ஸ்பாஞ்ச். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்வேன் என்றார். அந்தக் கம்பி துண்டின் எடைக்குத்தான் பொருத்தியது, ஆளின் எடைக்கு இல்லை. சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடிக் கம்பி இரண்டு போட்டோம். உறிஞ்சி ஒட்டும் வகையை நான் நம்புவதில்லை, ஈரச் சுவரில் அது எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது.

இரவில் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள, இருக்கைக்கு அடியில் கழிப்புப் பாத்திரம் உள்ள ஒரு கமோடு நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். முகம் மாறிவிட்டது. “அதெல்லாம் எழுந்திருக்கவே முடியாதவங்களுக்கும்மா. நான் நடக்கத்தானே இந்த ஆபரேஷனே பண்ணிக்கறேன்” என்றார். சரி, பாத்ரூம் எட்டு அடி தூரம்தானே என்று விட்டுவிட்டேன். அந்த “சரி”க்குப் பிறகு வருகிறேன்.

வேறு தயாரிப்புகள் வழக்கமானவைதான். ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தார்கள். பல்லில் சீழ் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு சின்ன விரலிடுக்குப் புண்ணுக்காகக்கூட அறுவை தள்ளிப்போகும், ஏனென்றால் கிருமி ரத்தத்தின் வழியே போய்ப் புது மூட்டில் குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. நான்கு வாரமும் கைக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுத்தேன். கைக்கு எதற்கு என்று கேட்டார். வாக்கரில், அதாவது இரண்டு கையாலும் பிடித்து நடக்கும் நான்கு கால் சட்டத்தில், நடக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் கைதான் பாதிப் பாரத்தைத் தாங்கப்போகிறது.

ஒத்திகை

அறுவைக்குப் பத்து நாள் முன்பு இரண்டாம் முறை போனேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தார் கணவர். வாக்கரும் வந்திருந்தது. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு ரேகைக்கு நேராகப் பிடி வரும்படி அதன் உயரத்தைச் சரிசெய்தேன். முழங்கை லேசாக மடங்கியிருந்தது. சரி, இன்றைக்கே அறுவை ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்வாருங்கள் என்றேன். இது வெறும் சடங்கு என்றுதான் நானே நினைத்தேன்.

எட்டாவது அடியில் வாக்கர் நின்றுவிட்டது. பாத்ரூம் வாசலில் ஒரு பக்கம் நிலையும் மறுபக்கம் கதவும் பிடித்துக்கொண்டன.

தவறு என்னுடையது. முதல் வருகையில் நிலைக்கு நிலை அளந்து 66 செ.மீ. என்று குறித்துக்கொண்டேன். வாக்கரின் பின்கால்கள் 63. மூன்று சென்டிமீட்டர் மிச்சம் என்று மனக்கணக்கு. ஆனால் கதவைத் திறந்தால் அது காற்றில் கரைந்துபோவதில்லையே. உள்பக்கம் திறக்கும் கதவு, அதன் தடிமனும் கீலும் சேர்ந்து ஐந்து செ.மீ.யைத் தின்றுவிட்டன. உண்மையில் கிடைத்தது 61. இதில் வாசலில் மூன்று செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு வேறு. வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி, தூக்கி, தடுப்பைத் தாண்டி வைத்து, உடம்பைத் திருகிக்கொண்டு நுழைய வேண்டும். செய்யக் கூடாத மூன்றில் இரண்டை ஒரே வாசலில் செய்ய வைத்திருப்பேன்.

மறுநாளே தச்சரை வரவழைத்துக் கதவைக் கழற்றி, திரைச்சீலை போட்டார்கள். 66 முழுதாகக் கிடைத்தது. தடுப்புக்கு இரு பக்கமும் சரிவாக ஒரு பலகை.

அந்த ஒத்திகையில் இன்னும் சிலது அகப்பட்டன. சமையலறையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை நாற்காலிக்குக் கொண்டுவரச் சொன்னேன். குவளையை எடுத்தார், வாக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது மூன்றாவது கை எங்கிருந்து வரும்? வாக்கரின் முன்கம்பியில் ஒரு துணிப்பை, மூடி திருகும் பாட்டில் என்று முடிவாயிற்று. கீழ்த் தட்டுகளில் இருந்த பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஏறின. திரும்பும் இடத்தில் மேசை முனை இடித்தது, நகர்த்தினோம். மிதியடி எல்லாம் சுருட்டப்பட்டன. கீழே விழுந்ததை எடுக்க, நுனியில் கவ்வி வைத்த நீளக் குச்சியைப் பையிலேயே செருகினோம். முக்கால் மணி நேரம் ஆனது. முதல் வருகையில் அளவுநாடாவோடு நான் செலவழித்த இரண்டு மணி நேரத்தைவிட அது அதிகம் சொல்லிக்கொடுத்தது.

மாலை நான்கு மணி, ஹாலில் நல்ல வெளிச்சம். அந்த விவரத்தை அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதக்கூட இல்லை.

அறுவையும் முதல் நான்கு நாட்களும்

அறுவையில் சொல்ல ஒன்றுமில்லை. எலும்போடு பொருத்த சிமென்ட் இல்லாத வகை மூட்டு, முழு எடையும் ஊன்றலாம் என்று அனுமதி. அன்று மாலையே எழுந்து நின்றார், மூன்றாம் நாள் படி ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். காரில் முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிட்டு, இருக்கைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்து, முதுகு காட்டி உட்கார்ந்து, வழுக்கியபடியே இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுவருவது என்பதை மகளும் முன்பே பழகியிருந்தார். உட்கார்ந்ததும் உறையை உருவிவிட வேண்டும், பிரேக் போட்டால் சறுக்கும்.

வீட்டில் முதல் இரண்டு நாளும் சுருதி பிசகாமல் போயிற்று. கட்டில், கதவு, இருக்கை எல்லாம் கச்சிதம். கால் வீங்கிக் கணுக்கால் வரை கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்து மகள் பயந்தார். அறுவை இடத்து ரத்தக்கசிவு இறங்கி வருவதால் நீலமும் மஞ்சளுமாகத் தெரிவது சகஜம், துணி சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள் என்றேன். எது சகஜமில்லை என்பதையும் எழுதி ஒட்டினேன்: கெண்டைக்காலில் புதிதாக வலி, சூடு, ஒரு காலில் மட்டும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், காயத்தில் கசிவு, பரவும் சிவப்பு, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், திடீரென்று கடும் வலி வந்து கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பி ஊன்றவே முடியாமல் போவது. கடைசியாகச் சொன்னதைத் தவிர இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோ என்றால் சொல்லிக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க 35 நாளுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் கணவர் டிக் போட்டுவந்தார். அவருக்கு டிக் போடுவதில் ஒரு தனிப் பிரியம். பத்துப் பதினைந்து நிமிடம் நடை, பிறகு ஓய்வு, மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது என்று நாள் ஓடியது. நான்காம் நாள் பார்க்க வந்த உறவினர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று அவர் நடக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. முதல் வாரத்தில் விருந்தாளிக்கும் ஒரு நேர வரம்பு வேண்டும்.

ஐந்தாம் நாள்

காலை ஒன்பது மணிக்குப் போனேன். முகம் வாடியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன், சரியாகத்தான் உட்கார்ந்தார். எழுந்து நின்று வாக்கரைப் பிடித்த மறு நொடி கண்ணை மூடிக்கொண்டு, “கொஞ்சம் இரும்மா, சுத்துது” என்றார். தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் இல்லாதிருந்தால் விழுந்திருப்பார்.

படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தால் 128/76. எழுந்து நின்றால் 104/66. மேல் அளவு 20ஓ அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். கெண்டைக்கால் மெத்தென்று இருந்தது, மூச்சிலும் நெஞ்சிலும் தொந்தரவு இல்லை, காய்ச்சல் இல்லை. வயிறு உப்பியிருந்தது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது கேட்டபிறகுதான் வந்தது.

ஓபியாய்டு வகை வலி மாத்திரை குடலை மந்தமாக்கும். அதனால்தான் கூடவே மலமிளக்கியும் கொடுத்திருந்தார்கள். அதன் அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மட்டும் பிரிந்திருந்தது, மிச்சமெல்லாம் அப்படியே. பக்கத்தில் பிளாஸ்க். முந்தின நாள் மாலை மகள் நிரப்பி வைத்தது, ஒரு லிட்டர். தூக்கிப் பார்த்தேன், கழுத்து வரை கனத்தது. மணியைக் காணோம். தலையணையைச் சரிசெய்யும்போது அடியிலிருந்து வந்தது. நாக்கு அசையாதபடி ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

“ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க அம்மா?”

“எழவே இல்லை. நல்லாத் தூங்கினேன்.”

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “பொய் சொல்லாதே அம்மா. ரெண்டு மணிக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே படுத்திருந்தே.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக வந்தது. “ராத்திரி போகணும்னா யாரையாவது எழுப்பணும். அவர் பாவம், அப்பதான் கண்ணசருவார். இவ பகலெல்லாம் நிக்கறா. அதான் சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கறதில்லை. அந்த மாத்திரை போட்டா அவசரமா வரும், இருட்டுல அந்தச் சாமானைத் தள்ளிக்கிட்டு ஓட முடியுமா?”

ஆக, அவர் இரவுப் பயணத்தையே ரத்து செய்யப் பார்த்திருக்கிறார். தண்ணீரைக் குறைத்து, மலமிளக்கியை நிறுத்தி. உடம்பில் நீர் குறைந்தது, மலம் இறுகியது, அதோடு வழக்கமான ரத்த அழுத்த மாத்திரையும், அறுவையில் இழந்த ரத்தமும். தலைசுற்றலுக்கு இவ்வளவு போதும். நாங்கள் இருக்கையின் உயரத்தை அளந்தோம், கதவின் அகலத்தை அளந்தோம். இரவு இரண்டு மணிக்கு ஒருவரை எழுப்ப இவருக்கு மனசு வருமா என்று கேட்கவே இல்லை. மணி வைத்தால் அடிப்பார் என்று எடுத்துக்கொண்டோம்.

பகலில் செய்த ஒத்திகையில் வாசல் பிடிபட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை செய்திருந்தால் இதுவும் பிடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஹால் விளக்கின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. வெளிச்சம் வேண்டுமென்றால் இருட்டில் ஏழு அடி நடந்தாக வேண்டும். நான்கு மணி வெயிலில் அது யார் கண்ணிலும் படவில்லை. கமோடு நாற்காலி விஷயத்தில் அவர் வேண்டாம் என்றதும் நான் அப்படியே விட்டது தப்பு. வேண்டாம் என்பவரிடம் சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் அப்போது இரவில் என்ன செய்வீர்கள் என்ற அடுத்த கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

மாற்றியவை

அறுவை மருத்துவரின் குழுவுக்கு உடனே போன் செய்தோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. அறுவைக்குப் பிறகு இப்படி இறங்குவது புதிதல்ல, ரத்தம் ஏற்ற வேண்டிய அளவும் இல்லை என்றார்கள். ரத்த அழுத்த மாத்திரையைச் சில நாளுக்குக் குறைத்தார்கள், மலமிளக்கியைத் தவறாமல் எடுக்கச் சொன்னார்கள், வலி குறைந்திருந்ததால் ஓபியாய்டை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். தண்ணீரைப் பெரும்பகுதி பகலிலேயே குடித்துவிடும்படி பங்கு பிரித்தோம். எழுவதற்கு முன் கணுக்காலைப் பத்துமுறை ஆட்டி, ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகுதான் நிற்பது.

கமோடு நாற்காலிப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை, கணவர் எடுத்தார். “நைட்டு மட்டும்தானே. காலையில நானே எடுத்துக் கழுவி வச்சிடறேன். இதுல என்ன இருக்கு?” என்றார். அப்புறம், “நீ தூங்கலைன்னு எனக்கும் தெரியும். நானும்தான் தூங்கறதில்லை. நான் முழிச்சிருக்கறது தெரிஞ்சா நீ வேற கவலைப்படுவேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன்.” அத்தனை இரவும் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் தூங்குவதுபோல் நடித்திருக்கிறார்கள்.

அன்று மாலையே கமோடு வந்தது. கட்டிலின் வலது பக்கம், மறைப்புக்கு ஒரு தட்டி. அசைவு தெரிந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு இரண்டு, ஒன்று கட்டிலுக்குக் கீழே, ஒன்று பாத்ரூம் வாசலில். மணியை ஓரம்கட்டினோம். கூப்பிட்டால்தான் வருவது என்றில்லாமல், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கணவர் தானாகவே வந்து நிற்பது என்று வைத்துக்கொண்டோம். கேட்கக் கூச்சப்படுகிறவருக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்ற எண்ணம்தான். அன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் ஒருமுறை செய்து பார்த்தார்கள், நான் போனில் இருந்தேன். தட்டியின் கால் வாக்கர் வழியில் நீட்டிக்கொண்டிருப்பது அப்போது தெரிந்தது.

இரண்டு நாளில் வயிறு சரியானது. ஏழாம் நாள் நின்று பார்த்தபோது அழுத்தம் எட்டுதான் இறங்கியது. பிளாஸ்க் காலையில் காலியாக இருந்தது.

பிறகு

அறுவையின் பதினான்காம் நாள் காயத்தை மூடப் போட்டிருந்த ஸ்டேபிள் ஊசிகளை எடுத்தார்கள். மகள் விடுப்பு முடிந்து கிளம்பினார், அதற்குள் கணவர் காலுறை மாட்டிவிடுவதிலிருந்து சமையல்வரை கற்றுக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் கமோடு வாடகைக் கடைக்கே திரும்பிப் போயிற்று, இரவில் சென்சார் விளக்கில் தானாகவே பாத்ரூம் போய்வர ஆரம்பித்திருந்தார். நான்காம் வாரம் வீட்டுக்குள் ஊன்றுகோல். அதை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வலிக்கும் கால் பக்கமே பிடிக்கத்தான் கை போகும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் பிடித்தால்தான் மூட்டின் மேல் பாரம் குறையும்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் மூட்டு நன்றாக இருந்தது. கட்டுப்பாடுகளைப் பன்னிரண்டாம் வாரம்வரை தொடரச் சொன்னார் மருத்துவர். சோபா இன்னும் விலக்கப்பட்டதாகவே இருந்தது, பேரப்பிள்ளைகள் அதில் குதித்து அதன் வேலையைத் தொடர்ந்தார்கள்.

என்னுடைய வீட்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு மாற்றம் செய்தேன். கதவுக்குப் பக்கத்தில் “திறந்த கதவோடு அளந்தது” என்று ஒரு கட்டம். ஒத்திகைக்குக் கீழே “விளக்கை அணைத்துச் செய்தது, யாரை எழுப்பினார்” என்று ஒரு வரி. இந்த இரண்டாவதை நிரப்பும்போது பெரும்பாலான வீடுகளில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு வேண்டிய விவரம் கிடைக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் கடைசி வருகை. ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை வந்து கதவைத் திறந்தார். கட்டில் இன்னும் ஹாலில்தான் இருந்தது, பாத்ரூமுக்குத் திரைச்சீலைதான். தச்சர் வரவில்லையா என்று கேட்டேன்.

“வந்தார்மா, நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்” என்றார். “இடது பக்கமும் இப்ப வலிக்க ஆரம்பிச்சிருக்கு. கதவு அப்படியே இருக்கட்டும். கட்டிலை மட்டும் எதிர்ச் சுவர்ப் பக்கம் மாத்திப் போடணும், இல்லையா?”